ஸ்டென்ட்டுக்கு மேல் உள்தோல் வளர்ந்துவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறார். சுகர் உண்டு. 4 மாதம் முன்பு மாரடைப்பு வந்து, சேலத்துக்குக் கொண்டுபோய் அன்றைக்கே இதயத்தின் முன்பக்கப் பெரிய குழாயில் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தார்கள். “உள்ளே தோல் வளர்ந்து ஸ்டென்ட்டை மூடணும், அதனால ரத்தம் உறையாம இருக்கிற ரெண்டு மாத்திரையையும் ஒரு வருஷம் விடக்கூடாது” என்றார் டாக்டர். இப்போது கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டும். பல் கிளினிக்கில் அந்த மாத்திரைகளை 5 நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவருக்கு 6 மாதத்திலேயே ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு இதற்குள் தோல் வளர்ந்திருக்காதா? அதைப் பார்க்க டெஸ்ட் உண்டா? இன்னொன்று, விடியற்காலைக் குளிரில் வெளியே போனால் லேசாக நெஞ்சைப் பிடிக்கிறது என்கிறார். போன மாதம் மறுபடி ஆஞ்சியோ எடுத்ததில் ஸ்டென்ட் நன்றாகத் திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஏன் வலி? தினம் ஒன்றிரண்டு பீடியும் திரும்ப ஆரம்பித்திருக்கிறார். குழாய் அடைப்பைக் கரைக்கும் என்று சித்தப்பா பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர் சேர்த்துக் காய்ச்சிய சாறு கொடுக்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு மகள், ஏற்காடு

பதில்:

முதலில் பல் விஷயத்தை முடித்துவிடுவோம், அதுதான் அவசரம். மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். 5 நாள் மட்டுமல்ல, ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு பல்லை எடுக்கும்போது வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்லியோ, ஒரு தையல் போட்டோ, ட்ரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மருந்தால் நனைத்த துணியை வைத்தோ நிறுத்திவிடலாம். கொஞ்சம் கூடுதலாகக் கசியும், அவ்வளவுதான். உங்கள் அப்பாவுக்கு ஸ்டென்ட் இருப்பது இதயத்தின் முன்சுவர் முழுவதும் நம்பியிருக்கும் குழாயில். அதற்குள் ரத்தம் கட்டினால் அது இன்னொரு பெரிய மாரடைப்பு, உயிருக்கே ஆபத்து. மாத்திரையை விட்டதும் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். அதில் பல் பிடுங்குவதற்காக விட்டவர்களும் உண்டு.

பல் டாக்டரை நான் குறை சொல்லவில்லை. நிறுத்திவிட்டுப் பல் எடுப்பது ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் வழக்கமாக இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப்போய்க் காட்டி, ஸ்டென்ட் வைத்த டாக்டரோடு போனில் பேசச் சொல்லுங்கள். இரண்டு பேரும் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம் இது. ஒரு தடவைக்கு ஒரு பல், அதுவும் காலை நேரத்தில். சேலத்தில் எடுப்பதாக இருந்தால், எடுத்த கையோடு மலை ஏறிவிடாமல், அன்றைக்குச் சேலத்திலேயே உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டால் நல்லது. ராத்திரியில் ரத்தம் நிற்காவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வரவேண்டிய தொல்லை இருக்காது. பல்வலிக்கு மெடிக்கலில் கேட்டால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்பாவுக்கு அவை ஆகாது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் போதும்.

இனி நீங்கள் கேட்ட தோல் விஷயம்.

நம் ரத்தக்குழாய்கள் எல்லாவற்றின் உள்பக்கத்திலும் ஒரே ஒரு அடுக்கு செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பரவியிருக்கின்றன. எண்டோதீலியம் என்பது இதன் பெயர். உள்தோல் என்றே வைத்துக்கொள்வோம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. நெடுங்காலம் மருத்துவ உலகமே இதை ஒரு வெறும் பூச்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. 1980-ல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியலாளர் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனைதான் அந்த எண்ணத்தை மாற்றியது. அசிட்டைல்கோலின் என்ற பொருள் பட்டதும் சில துண்டுகள் தளர்ந்து விரிந்தன, சில துண்டுகள் சுருங்கின. வேறுபாடு எங்கே என்று தேடியபோது, சுருங்கிய துண்டுகளில் கையாளும்போதே உள்தோல் உரசி உதிர்ந்துபோயிருந்தது தெரிந்தது. அதாவது குழாய் விரிய வேண்டும் என்ற உத்தரவு அந்த ஒற்றை அடுக்கிலிருந்துதான் வருகிறது. அந்த உத்தரவைச் சுமந்துபோவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று சில ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள். 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

விரியச் சொல்வது ஒரு வேலை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது, கொலஸ்ட்ரால் சுவருக்குள் புகாமல் தடுப்பது, அடியில் இருக்கும் தசைச் செல்கள் கண்டபடி பெருகாமல் அடக்கிவைப்பது எல்லாமே இந்த அடுக்கின் பொறுப்பு. இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவின் காலை வலிக்கு விடை இதற்குள் இருக்கிறது.

ஸ்டென்ட் வைக்கும்போது என்ன நடக்கிறது? அடைப்பு இருக்கும் இடத்தில் பலூனைப் பல மடங்கு காற்றழுத்தத்தில் ஊதி, உலோக வலையைச் சுவரோடு சேர்த்து அமுக்குகிறோம். அந்த இடத்தில் இருந்த உள்தோல் பெரும்பாலும் போய்விடும். நாங்கள் குழாயைத் திறப்பதே ஒரு காயம் செய்துதான். மாரடைப்பு நேரத்தில் வேறு வழியில்லை, குழாய் திறக்காவிட்டால் இதயத்தசை செத்துப்போகும். காயம் பட்ட சில நிமிடங்களிலேயே தட்டணுக்கள் வந்து படியத் தொடங்கிவிடுகின்றன. முதல் சில வாரம் இரண்டு மாத்திரையும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும். அப்புறம் அழற்சிச் செல்கள் வருகின்றன, அவற்றுக்குப் பின்னால் சுவரின் நடு அடுக்கிலிருந்து தசைச் செல்கள் நகர்ந்து வந்து கம்பிகளின் மேல் ஒரு புதுப் படலத்தைப் போடுகின்றன. கடைசியாகத்தான் உள்தோல். அது பெரும்பாலும் காயத்தின் ஓரங்களிலிருந்தும், அங்கே பிரியும் கிளைக்குழாய்களின் வாயிலிருந்தும் வருகிறது. மலைப்பாதையில் மண் சரிந்து வெறுமையான இடத்தில் இரண்டு ஓரத்துப் புல்லும் மெல்ல உள்ளே படர்ந்து வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே மாதிரி. ஓரம் சீக்கிரம் மூடும், நடுப்பகுதிக்கு நாளாகும்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. தசைச் செல்கள் அளவோடு நின்றால் நல்லது. அளவு மீறினால் குழாய் மறுபடி குறுகிவிடும். மருந்து பூசாத பழைய ஸ்டென்ட்களில் ஏறக்குறைய நாலைந்து பேரில் ஒருவருக்கு இப்படி ஆனது. அதற்காகத்தான் 2002, 2003 வாக்கில் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் வந்தன. முதலில் வந்தவற்றில் ஒன்றில் இருந்த சிரோலிமஸ், பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு கிருமி உண்டாக்கும் பொருள். பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த சுரேந்திரநாத் சேகல் என்ற விஞ்ஞானி அதன் பின்னால் பல வருடம் விடாமல் உழைத்தார். அது செல்கள் பிரிந்து பெருகுவதை நிறுத்துகிறது. சரி, தசைச் செல் நின்றுவிட்டது. ஆனால் அந்த மருந்துக்கு ஆள் பார்த்து வேலை செய்யத் தெரியாது. உள்தோல் செல்லும் பெருகித்தானே வர வேண்டும்? அதையும் சேர்த்துத் தாமதப்படுத்திவிடுகிறது.

எவ்வளவு தாமதம்? அமெரிக்காவில் ரேணு விர்மானி என்ற நோய்க்கூறு மருத்துவரின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையையே உலுக்கியது. இறந்தவர்களின் குழாய்களைப் பார்த்தபோது, மருந்து இல்லாத ஸ்டென்ட்கள் ஆறேழு மாதத்தில் ஏறக்குறைய மூடிவிட்டிருந்தன. மருந்து பூசியவற்றில் சிலவற்றில் மூன்று வருடம் தாண்டியும் கம்பிகள் வெறுமையாக நின்றன. அது முதல் தலைமுறை. அப்போது கம்பியின் தடிமன் சுமார் 140 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), பொருள் துருப்பிடிக்காத எஃகு. (உருக்காலை ஊரான சேலத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.) இப்போது வைப்பவை பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலவை. கம்பி 60 முதல் 80 மைக்ரான் வரைதான், மருந்தைப் பிடித்துவைக்கும் பூச்சும் உடம்புக்கு இணக்கமானது. மெல்லிய கம்பி ரத்த ஓட்டத்தைக் குறைவாகத்தான் கலைக்கும், தோலும் அதன் மேல் எளிதாக ஏறும். ஆக, அப்பாவுக்கு 4 மாதத்தில் கணிசமான பகுதி மூடியிருக்க வாய்ப்பு அதிகம். முழுவதும் மூடியிருக்கும் என்று மட்டும் யாராலும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. சுகர் இருப்பவர்களுக்கு இந்தக் காயம் ஆறுவது பொதுவாக மெதுவாகத்தான் நடக்கும்.

டெஸ்ட் கேட்டீர்கள். குழாய்க்குள் மெல்லிய ஒயரைச் செலுத்தி ஒளியால் படம் எடுக்கும் ஓசிடி என்ற முறை இருக்கிறது. கம்பி மேல் ஏதாவது படர்ந்திருக்கிறதா இல்லையா என்று அதில் தெரியும். படர்ந்திருப்பது நிஜமான உள்தோலா அல்லது வெறும் ரத்த நார்ப்படலமா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு அதற்குக் கூர்மை போதாது. மறுபடி ஆஞ்சியோ செய்வது போலக் கையிலோ தொடையிலோ குத்தித்தான் அதையும் செய்ய வேண்டும், செலவும் கூட. மாத்திரையை நிறுத்தலாமா என்று பார்ப்பதற்காக மட்டும் அதைச் செய்வது வழக்கமில்லை. காலண்டரைப் பார்த்து முடிவெடுப்பதற்குக் காரணம் இதுதான். மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக 12 மாதம், அதன் பிறகு ஒன்று நின்றுவிடும், இன்னொன்று, பெரும்பாலும் ஆஸ்பிரின், தொடரும்.

பக்கத்து எஸ்டேட்காரருக்கு 6 மாதம் என்றால், அவருக்கு ஒருவேளை மாரடைப்பு வராமல், நடந்தால் மட்டும் வலி என்று போய்த் திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமே 6 மாதம்தான். அல்லது ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவராக இருக்கலாம், அவர்களுக்கு இன்னும் முன்பேகூட நிறுத்துவோம். மாரடைப்பில் வெடித்த அடைப்பின் மேல் வைத்த ஸ்டென்ட் ஆறத் தாமதமாகும். கம்பிக்கு அடியில் இருப்பது கொழுப்பும் செத்த செல்லும் கலந்த கூழ், தோல் கால் ஊன்றி வர அங்கே பிடிமானம் குறைவு. அவர் கணக்கை அப்பாவுக்குப் போடாதீர்கள். அதே சமயம் மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அங்கங்கே கன்றிப்போவது, பல் தேய்க்கும்போது லேசாக ரத்தம் தெரிவது இதெல்லாம் சகஜம்.

இப்போது விடியற்காலை வலி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான், பல் அல்ல.

தோல் மூடிவிட்டது என்பதாலேயே அது வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. புதிதாக வந்த உள்தோலில் செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருக்கும், நைட்ரிக் ஆக்சைடும் குறைவாகத்தான் சுரக்கும். ஃபர்ச்காட்டின் முயல் துண்டுகளில் பார்த்ததை 1986-ல் மனித இதயக் குழாய்களிலேயே பார்த்தார்கள். அதே அசிட்டைல்கோலினைச் செலுத்தியபோது ஆரோக்கியமான குழாய் விரிந்தது, கொழுப்பு படிந்த குழாய் சுருங்கியது. பிற்பாடு மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களில், குறிப்பாக முதல் தலைமுறை ஸ்டென்ட்களில், ஸ்டென்ட்டுக்கு அடுத்த பகுதிக் குழாய் இப்படிச் சுருங்குவதையும் பதிவு செய்தார்கள். அந்தப் பகுதியில் கம்பியும் இல்லை, அடைப்பும் இல்லை. உள்தோல் மட்டும் சரியாக இல்லை.

ஏற்காட்டில் விடியற்காலையில் வெளியே கால் வைத்தால் குளிர் முகத்தில் அறையும். குளிர் பட்டதும் நரம்புகள் குழாயைச் சுருக்கச் சொல்லும். நல்ல உள்தோல் இருந்தால் அதே நேரத்தில் விரியச் சொல்லி ஈடுகட்டிவிடும். அது பலவீனமாக இருந்தால் சுருக்கம் ஜெயித்துவிடும். குழாய் சுருங்கி வலி வருவதே பொதுவாகப் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம். இதோடு, ஆஞ்சியோ படத்தில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டும். அவற்றிலிருந்து பிரியும் நூலிழைக் குழாய்களில் கோளாறு இருந்தால் படம் சுத்தமாக இருக்கும், வலி மட்டும் இருக்கும். “ஆஞ்சியோ நார்மல், அதனால வலி மனசுல இருக்கு” என்று அப்பாவிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் இந்த வலியை நேரம், குளிர், எத்தனை நிமிடம் என்று விவரமாகச் சொல்லுங்கள். குழாயைத் தளர்த்தும் மாத்திரை சேர்ப்பதா, இருப்பதை மாற்றுவதா என்று அவர் பார்ப்பார். வயிற்று எரிச்சல்கூட இப்படி ஏமாற்றும், அதையும் அவரே பிரித்துச் சொல்லட்டும். அதுவரை விடிந்ததும் தோட்டம் பார்க்கப் புறப்படாமல் வெயில் ஏறிய பிறகு போகட்டும். போகும்போது மஃப்ளர் கட்டிக்கொள்ளட்டும்.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் கொடுத்திருப்பார்கள். அது நைட்ரிக் ஆக்சைடாக மாறித் தசையில் நேரடியாக வேலை செய்கிறது, உள்தோலின் தயவு அதற்குத் தேவையில்லை. உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழலாம். ஆண்மைக்குறைவு மாத்திரை எதுவும் எடுத்தால் இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். மகளிடம் சொல்ல மாட்டார், டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள். மாத்திரை வைத்து 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால், இரண்டாவதை வைத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலையிலிருந்து சேலம் வந்து சேர்வதற்கே நேரம் ஆகும், யோசித்துக்கொண்டிருக்க அவகாசம் கிடையாது.

பீடி. ஒன்றிரண்டுதானே என்று அப்பா சொல்வார், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். புகையில் இருக்கும் வேதிப்பொருள்கள் உள்தோல் சுரக்கும் கொஞ்சநஞ்ச நைட்ரிக் ஆக்சைடையும் அழித்துவிடுகின்றன. 2018-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று, தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு இதயநோய் அபாயம் 20 பிடிப்பவரின் கூடுதல் அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருப்பதாகக் காட்டியது. பீடி அதைவிடச் சாது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. குறைப்பதில் பலன் சொற்பம், விட்டால்தான் உண்டு. காலை வலிக்கும் பீடிக்கும் சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதை நீங்கள் சொல்வதைவிட டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் எடுபடும்.

உள்தோலை வேலை செய்யவைப்பதில் மாத்திரைக்குச் சமமாக நான் நம்புவது நடையை. ரத்தம் சீராகவும் வேகமாகவும் உரசி ஓடும்போதுதான் அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் தயாரிக்கின்றன. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மருத்துவர்கள் 2000-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், இதயக் குழாய் நோயாளிகள் கண்காணிப்பில் 4 வாரம் உடற்பயிற்சி செய்த பிறகு, அசிட்டைல்கோலினுக்குக் குழாய் சுருங்குவது சுமார் பாதியாகக் குறைந்தது. ஆட்கள் குறைவுதான், ஆனால் விரலால் சுட்டிக் காட்டக்கூடிய மாற்றம். அப்பாவுக்கு வலி இருப்பதால், டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு தொடங்கட்டும். ஏரியைச் சுற்றியோ எஸ்டேட்டில் சமமான பாதையிலோ, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் அரை மணி நேரம். சரிவில் மூட்டை தூக்கி ஏறுவது நடை அல்ல, அது வேண்டாம். சுமார் 1500 மீட்டர் உயரம் அவரை ஒன்றும் செய்யாது, அங்கேயே வாழ்பவர்.

கொலஸ்ட்ரால் மாத்திரையையும் விடக்கூடாது. தளர்வான புதுத்தோல் வழியாகக் கெட்ட கொழுப்பு உள்ளே போய், ஸ்டென்ட்டுக்குள்ளேயே சில வருடத்தில் புது அடைப்பு வருவது இப்போது நன்றாகத் தெரிந்த விஷயம். எல்டிஎல் எனும் அந்தக் கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று மாத சுகர் அளவையும் அதோடு பாருங்கள்.

சித்தப்பாவின் சாறு எந்த அடைப்பையும் கரைக்காது. சுவருக்குள் பதிந்திருக்கும் கொழுப்பையும் சுண்ணாம்பையும் வினிகர் போய்த் தொடவே முடியாது. ரசத்தில் நாலு பல் பூண்டு போட்டால் பிரச்சினை இல்லை. தினம் டம்ளர் கணக்கில் பூண்டுச் சாறு என்றால், இரண்டு ரத்த மாத்திரைகளோடு சேர்ந்து கசிவைக் கூட்டலாம். பல் எடுக்கப்போகிற நேரத்தில் அது வேண்டவே வேண்டாம். சித்தப்பா மனம் நோகாமல், “டாக்டர் இப்போ வேண்டாம்னுட்டார்” என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

அப்பா எஸ்டேட்டுக்குள் டூ வீலரில் போகிறவராக இருந்தால் ஹெல்மெட் இல்லாமல் போகக்கூடாது. இந்த மாத்திரைகள் சாப்பிடும்போது தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் உடனே கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.